கல்யாணத்துக்கு வைத்த தேன்

ரினோசா அன்று போனில் சலாம்கூடச் சொல்லவில்லை.

"ராணி, பூச்சியெல்லாம் நடக்குது புள்ள" என்றாள்.

நான் தபால் கந்தோரில் பதிவுத் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"நடந்தா நடக்கட்டுமே, அதுக்கு என்னா?"

"பூச்சி எண்டா பறக்கோணும். இது பெட்டிக்கு முன்னால மண்ணுல ஊருது. செறகு சுருண்டு கெடக்கு. நீ வா."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மடவளை பஸ்ஸைப் பிடித்தேன். ரினோசாவின் வீட்டுக்குப் பின்னால் கராம்புத் தோட்டம். அங்கே காய்ந்த இலையை மிதித்தால் பல்வலி மருந்தின் வாசம் எழும்பும். அந்த மரங்களுக்கு நடுவில்தான் எங்கள் தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. "எங்கள்" என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இடம் அவளுடையது, பாதி உழைப்பு என்னுடையது.

ரினோசா ஓரமாகக் குந்தியிருந்தாள். அவளுடைய உள்ளங்கையில் ஒரு தேனீ. அதன் சிறகு நெருப்புக்குக் கிட்டப் பிடித்த பிளாஸ்டிக் தாளைப் போலச் சுருங்கியிருந்தது.

"மூணு தரம் தூக்கிப் பறக்க விட்டேன். மூணு தரமும் விழுந்துட்டு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் பஸ் பயணங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் சிநேகிதி ரினோசாவைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திவிட்டீர்களே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் தேனீயைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பின் வாங்கில் இரண்டு பேர்

தேனீ வளர்ப்பு வகுப்பு ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அறை நிறைய ஆட்கள். பாடமெல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் புழு, கூட்டுப்புழு என்று பாடம் எடுத்தால் பாதியில் வழி தவறிவிடும். நான் இருந்த பின் வாங்கில், அந்த நீளப் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து, கேட்காமலே காதுக்குள் தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினாள். அவள்தான் ரினோசா.

அவளுடைய மொழிபெயர்ப்பில் அவளுடைய அபிப்பிராயமும் சேர்ந்திருக்கும். "ஆண் பூச்சிக்கு வேலயே இல்லயாம், சாப்பிடுறது மட்டுந்தானாம். இதச் சொல்ல ஒரு வகுப்பா?" நான் சிரித்து, இரண்டு பேரும் ஆசிரியரிடம் பேச்சு வாங்கினோம்.

நான் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகித்தான் கண்டிப் பக்கம் வந்தேன். அவளோ பிறந்ததும் வளர்ந்ததும் மடவளை. வகுப்பு முடிந்த அன்று, "உனக்கு மரமில்ல, எனக்குத் துணையில்ல. ரெண்டு பேரும் சேந்து வளப்போமா?" என்று கேட்டாள். எங்கள் கூட்டு அப்படித்தான் தொடங்கியது.

பெட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் அவள் தேனீக்களுக்குச் சலாம் சொல்வாள். நான் மல்லிகை வைத்துக்கொண்டு போனால் தலையிலிருந்து அவளே உருவி வேலியில் சொருகிவிடுவாள். வாசனை பூச்சிகளுக்குக் கோபமூட்டுமாம். வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துத் தருவாள்.

கடுகுக்குக் கால் முளைத்தால்

அன்று புகை போட்டு, மூடியைத் திறந்து, ஆண் குஞ்சுகள் இருக்கும் அடையில் ஓர் அறையை ஊசியால் கிளறினேன். வெள்ளைக் கூட்டுப்புழு வெளியே வந்தது. அதன் முதுகில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. கடுகைத் தட்டையாக நசுக்கிக் கால் வைத்ததைப் போல. அந்தப் புள்ளி நகர்ந்தது.

"உண்ணி" என்றேன்.

ரினோசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நம் நாட்டுத் தேனீக்கள் இந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. ஒன்றின் உடம்பில் ஏறினால் மற்றொன்று கடித்துப் பிடுங்கி எறிந்துவிடும். ஆனால் அந்த வருஷத் தொடக்கத்தில் மழை விடவே இல்லை. பூவில்லாமல் கூடுகள் மெலிந்துபோயின. மெலிந்த கூட்டுக்குத் தன்னைத் தானே துப்பரவாக்கத் தெம்பு இருக்காது. பிறகு மழை விட்டு மரமெல்லாம் ஒன்றாகப் பூத்துத் தேன் குவிந்தது, ஆனால் உண்ணி அதற்கு முன்பே பெருகியிருந்தது.

விவசாயக் கந்தோரில் தேனீப் பிரிவைப் பார்க்கும் அதிகாரிக்கு ரினோசா போன் எடுத்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், மிகவும் பொறுமைசாலி.

"மேல் பெட்டியில தேன் கிடக்கோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கீழ்ப் பெட்டியில் குஞ்சுகள் வளரும், அதன் மேல் அடுக்கும் பெட்டியில் தேன் சேரும்.

"ஓ, நெறையக் கெடக்கு. இன்னம் மூடல்ல."

"அப்ப இப்ப ஒரு மருந்தும் வைக்காதேங்கோ. ஆண் குஞ்சு அடையை வெட்டி எடுங்கோ, உண்ணி கூடுதலா அதுக்குள்ளதான் இருக்கும். தேனை மெழுகால மூடின பிறகு மேல் பெட்டியைக் கழட்டுங்கோ. அதுக்குப் பிறகு நான் வந்து மருந்து வைக்கிறன்."

மருந்து என்று அவர் சொன்னது, றப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற அதே அசிட். அவரே கையுறை போட்டு, அளவாக நீர் கலந்து, பஞ்சில் நனைத்து வைப்பார். அதன் ஆவி உண்ணியைக் கொன்றுவிட்டுக் காற்றோடு போய்விடும், அடையில் தங்காது. அப்படியிருந்தும் தேன் இருக்கும்போது வைக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. மனிதர் வாயில் வைக்கப்போகிற பொருளுக்குப் பக்கத்தில் மருந்துக்கு இடமே இல்லை என்றார்.

அவர் சொன்னபடியே வெட்டி எடுத்தோம். வெட்டிய அடையை ரினோசாவின் கோழிகள் ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிட்டன. இனித் தேன் மூடும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியாத காரியம்.

ஊரெல்லாம் சொன்ன சொல்

காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் ஷிஃப்னாவுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவர் கையிலும் சொந்தத் தோட்டத்துத் தேன் ஒரு சின்னப் போத்தல் கொடுக்கப்போவதாக ரினோசா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். சின்னச் சின்னப் போத்தல்கள் வாங்கி, கொதிநீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஷிஃப்னா ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள்.

ரினோசாவின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். கல்யாணத்துக்குச் சற்று முன்புதான் அவருக்கு லீவு. அதனால் பந்தல், சமையல்காரர், வாடகைக் கதிரைகள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டவன் அவளுடைய தம்பி ஃபாரூக். ஆடு, மாடு, கோழிகளுக்குத் தீனியும் மருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அக்கா அழுதால் அவனால் ஒரு நிமிஷம் தாங்க முடியாது.

அவள் அழுததை அவன் பார்த்துவிட்டான்.

"என்ன ராத்தா, ஒரு உண்ணிக்கா அழுற? என்ட கடையில ராக்கைத் தட்டு நெறைய உண்ணி மருந்து இருக்கே. மாட்டுல ஒருக்கா பூசினா மறுநாள் ஒண்டு மிஞ்சாது."

"மாடு வேற, பூச்சி வேற. தேன் எடுக்காம ஒண்டும் வைக்க ஏலாதாம். நீ பேசாம இரு."

அவனும் பேசாமல்தான் இருந்தான்.

அதற்கடுத்து ஒருநாள் நானும் ரினோசாவும் ஷிஃப்னாவைக் கூட்டிக்கொண்டு கல்யாணச் சாரி எடுக்கக் கண்டி டவுனுக்குப் போனோம். அவளுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, வாவிக் கரையில் உட்கார்ந்து வடை தின்று, மறுபடி முதல் கடைக்கே போய், முதலில் வேண்டாமென்று தள்ளிய சாரியையே எடுத்துக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்தோம்.

அந்த வாரத்திலேயே தேனீக்கள் நடப்பது குறைந்தது. அடுத்த வாரம் ஒன்றுகூட நடக்கவில்லை. பெட்டிகளின் அடித்தட்டில் செத்த உண்ணிகள் பொடிப்பொடியாகக் கிடந்தன.

"நம்மட கைராசி புள்ள" என்றாள் ரினோசா. வெட்டி எடுத்த அடையின் பலன் என்றே நான் நினைத்தேன். எங்களை நாங்களே வெகுவாக மெச்சிக்கொண்டோம்.

நீலக் கட்டம் போட்ட துணி

மேல் பெட்டியின் அடைகளை வெள்ளை மெழுகு மூடியதும் தேன் எடுத்தோம். கத்தியைச் சுடுநீரில் தோய்த்து மூடியைச் சீவினேன். ரினோசா தகர டிரம்மில் சட்டங்களை வைத்துச் சுற்றினாள். வெளிர்ப் பொன் நிறத்தில், அவசரமே இல்லாமல், மடிந்து மடிந்து இறங்கியது தேன். இரண்டு வாளி நிறைந்தது. நல்ல நாளில்கூட நாங்கள் அவ்வளவு கண்டதில்லை.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ருசி பார்க்கும் முன் நாங்கள் வாயில் வைப்பதில்லை என்று அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். விரலைக்கூட நக்கவில்லை.

வாளிகளை வீட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, மறுநாள் அதிகாரி வருவாரே என்று கீழ்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். முதல் பெட்டியில், இரண்டு சட்டங்களுக்கு நடுவே, துணி நாடா ஒன்று தொங்கியது. நீலக் கட்டம். தேனீக்கள் அதன் ஓரங்களைக் கடித்துப் பஞ்சாக்கியிருந்தன.

நான் அதை வெளியே எடுத்து முகர்ந்தேன்.

அந்த வாடை எனக்குத் தெரியும். இதே மருந்து இல்லை, ஆனால் இதன் சாதி. அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போவார். அவருடைய சட்டையை அம்மா எங்கள் துணிகளோடு சேர்க்கவே மாட்டாள். தனி வாளி, தனிச் சவர்க்காரம், காயப்போட வேறு கொடி. எத்தனை தரம் அலசினாலும் வெயில் பட்டதும் அந்தச் சட்டையிலிருந்து வாடை எழும்பும். நான் ஒருநாள் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தபோது, "தள்ளிப் போ கண்ணு, அப்பா இன்னும் குளிக்கல" என்று கையை உயர்த்திக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தொடாமல் இருக்க ஒரு மனுஷன் அப்படி நின்றதை நான் மறக்கவில்லை.

எல்லாப் பெட்டியிலும் ஒவ்வொரு நாடா இருந்தது.

ரினோசா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஃபாரூக் உடுக்கிற சாரம்" என்றாள். "பெருநாளைக்கு நான் எடுத்துக் குடுத்த சாரம்."

கரண்டி

போன் போட்டதும் ஃபாரூக் வந்துவிட்டான். வாசலிலேயே சிரிப்பு.

"எப்படி ராத்தா? உண்ணியெல்லாம் முடிஞ்சா? நீங்க டவுனுக்குப் போன அண்டைக்கு வந்து வெச்சேன். கல்யாணம் முடிஞ்சி சொல்லலாம் எண்டு இருந்தேன். மாப்பிள வீட்டாருக்கு முன்னால ஒனக்குத் தலகுனிவு வரக்கூடாதே."

ரினோசா துணி நாடாக்களை மேசையில் அவனுக்கு முன்னால் வைத்தாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான்தான் அதிகாரிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"மாட்டு மருந்து எண்ணெய்ப் பிடிப்புள்ளது, அக்கா. மெழுகு அதைக் குடிச்சிடும், பிறகு மெல்ல மெல்லத் தேனுக்குள்ள விடும். எவ்வளவு போட்டவர் எண்டு அவருக்கே தெரியாது. அந்தத் தேனை ஆருக்கும் குடுக்காதேங்கோ. அடையையும் வைச்சிருக்கக் கூடாது."

ஃபாரூக்கின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் ஒத்துக்கொள்ள மனமில்லை.

"ராணியக்கா, நீங்களே பாருங்க. தண்ணி மாதிரித் தெளிவா இருக்கு. ஒரு வாசமும் இல்ல. ஆருக்குத் தெரியப்போகுது? ஒரு போத்தல்ல எவ்வளவு இருந்துடும்?"

பொய் சொல்வானேன், அந்தக் கேள்வி என் மனதிலும் ஒருமுறை வந்து போனது. ஷிஃப்னா வாசற்படியில் நின்றுகொண்டு எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மேசையில் அவள் ரிப்பன் கட்டிய போத்தல்கள் வரிசையாக இருந்தன.

"நீங்க நம்பல்ல எண்டா, நானே சாப்பிட்டுக் காட்டுறேன்" என்றான் ஃபாரூக். வாளியின் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி தேனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

ரினோசா பாய்ந்து அவன் கையை அடித்தாள். கரண்டி சுவரில் பட்டு விழுந்தது. அவனுடைய தாடியிலும் அவளுடைய முக்காட்டிலும் தேன் தெறித்தது.

"நீ தின்ன வாணாம்! ஒனக்கு ஏதும் ஆகிட்டா நான் என்ன செய்ற?" என்று கத்தினாள்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கியது. குரல் இறங்கியது.

"ஒனக்குக் குடுக்க என்ட மனசு ஏலாது எண்டுது, தம்பி. அப்ப வாற சனத்துக்கு எப்படிக் குடுக்கிற? அதுகளும் ஒரு உம்மாட புள்ளைகள்தானே?"

ஃபாரூக் கதிரையில் உட்கார்ந்து, அவ்வளவு பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதான். ஷிஃப்னா வந்து தன் சால்வையின் நுனியால் மாமாவின் தாடியைத் துடைத்துவிட்டாள்.

குழி

தேனை வெளியில் ஊற்ற முடியாது. ஊற்றினால் சுற்றுவட்டாரத்துத் தேனீயெல்லாம் வந்து அள்ளிக்கொண்டு போகும். தோட்டத்தின் மேட்டுப் பக்கம், கிணற்றுக்கு வெகு தூரத்தில், ஃபாரூக்கே ஆழமாகக் குழி வெட்டினான். யாரையும் கைகொடுக்க விடவில்லை.

இரண்டு வாளியும் உள்ளே போயின. கீழ்ப் பெட்டிகளிலிருந்து வெட்டி எடுத்த அடைகளும் போயின. மண்ணைத் தள்ளுவதற்குள் வாசம் பிடித்துக்கொண்டு நாலைந்து தேனீக்கள் வந்துவிட்டன. தாங்கள் சேர்த்ததைத் தாங்களே தேடி வந்து குழியின் மேல் சுற்றின. ரினோசா முந்தானையால் அவற்றை விசிறி விசிறி விரட்டினாள். "போங்க மக்காள், அது வாணாம், போங்க" என்று சொல்லிக்கொண்டே விரட்டினாள்.

நாட்டுத் தேனீக்கு ரோஷம் அதிகம். அடையை வெட்டினால் கூட்டோடு கிளம்பிப் போய்விடும். புதுச் சட்டங்கள் வைத்து, சீனிப்பாகு கொடுத்து, இராணித் தேனீ வெளியே போகாதபடி வாசலுக்குத் தடுப்பும் வைத்தோம். அப்படியும் மூன்று கூடு நிற்கவில்லை. தடுப்பை எடுத்த மறுநாளே மரங்களுக்கு மேலாக இரைந்துகொண்டு போயின. மற்றவை இருந்தன. புது மெழுகு கட்டத் தொடங்கின.

மறுநாள் வரவிருந்ததைத் தள்ளிப்போட்டு, அதற்குப் பிறகு மருந்து கொண்டு வந்த அதிகாரி, காலியான மூன்று பெட்டிகளைப் பார்த்தார். "மிச்சம் நிண்டதே பெரிய காரியம், அக்கா" என்று மட்டும் சொன்னார்.

பந்திக்குப் பந்தி

கல்யாணத்தில் தேனுக்குப் பதில் என்ன கொடுப்பது என்று யாரும் பேசவில்லை. ஃபாரூக் பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து இறக்கினான். ஷிஃப்னா போத்தல்களின் ரிப்பனை அவிழ்த்து, பழப் பொட்டலங்களில் கட்டினாள்.

கேட்பவர்களிடம் "பூச்சிக்குச் சுகமில்லாமப் போச்சு" என்று சொல்வதென்று நானும் ரினோசாவும் பேசி வைத்திருந்தோம். அது பொய்யும் இல்லை, அவனைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை.

ஆனால் ஆண்கள் பக்கத்துப் பந்தலிலிருந்து அவனுடைய குரல் கேட்டது. யாரோ தேன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

"தேன் இருந்திச்சு. நாந்தான் நாசமாக்கினேன்" என்றான் ஃபாரூக். "மாட்டு மருந்தக் கொண்டுபோய் வெச்சிட்டேன். ராத்தா ஒரு சொட்டு மிச்சம் வெக்காமப் பொதச்சிட்டா."

மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "அப்ப நல்ல வீட்டுலதான் பொண்ணு எடுத்திருக்கோம்" என்றார்.

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பந்திக்குப் பந்தி போய்ச் சொன்னான். கடைசிப் பந்தியில் வட்டிலப்பம் வைக்கும்போது மெழுகு எப்படி மருந்தைக் குடிக்கிறது என்று கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கத்தில் ரினோசா என் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன். மணமகள் தலையை நிமிர்த்தாமலே, "மாமாவ ஆராச்சும் புடிச்சி உட்கார வைங்க" என்றாள்.

கடையில்

போன மாதம் கோழித்தீனி வாங்க அவன் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் தெல்தெனியப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நின்றார்.

"மாட்டு உண்ணி மருந்து ஒரு போத்தல் குடுங்க தம்பி" என்றார்.

ஃபாரூக் ராக்கைக்குக் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. "எத்தின மாடு?"

"மாடு இல்ல. தேன் பொட்டி நாலு வச்சிருக்கேன். உண்ணி விழுந்திருச்சு."

"அப்ப மருந்து இல்ல."

அந்த மனுஷர் அவனுடைய தலைக்குப் பின்னால் வரிசையாக இருந்த போத்தல்களைப் பார்த்தார். "அந்தா இருக்கே?"

"அது மாட்டுக்கு. மேல் பெட்டியில தேன் கெடக்கா? மூடிட்டா? அடய வெட்டினீங்களா?"

வந்தவர் முழித்தார். ஃபாரூக் கல்லாவைப் பூட்டினான், கடைக் கதவை இழுத்துவிட்டான், அவரைத் தன் திரீவீலரில் ஏற்றினான். "நீங்களும் ஏறுங்க ராணியக்கா" என்றான். என் தீனி மூட்டை கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

தோட்டத்தில் ரினோசா ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். திரீவீலர் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முன்னால் தம்பி, பின்னால் அறிமுகமில்லாத ஒருவர், அதற்கும் பின்னால் நான். பெருமூச்சு விட்டாள்.

"இன்னொரு ஆளப் புடிச்சிக்கிட்டு வந்துட்டான், புள்ள. தேத்தண்ணிக்குத் தண்ணி வை."